அண்ணனைக் கண்டவர்களுக்கு

எங்கள் அண்ணன் இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. அவரை நினைத்து இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களுக்கு, அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடொன்றில், கொழுந்து பறித்த பெற்றோருக்கு மூத்தவராகப் பிறந்தார் அண்ணன். பதுளைக்கு நடந்தும் பஸ்ஸிலும் போய்ப் படித்து மருத்துவரானார். அதைக் காண அப்பா இருக்கவில்லை. தொண்ணூறுகளில் யுத்தம் மும்முரமாக நடந்தபோது, அண்ணன் இலங்கை இராணுவ மருத்துவப் பிரிவில் சத்திரசிகிச்சை நிபுணராகச் சேர்ந்தார். தோட்டத்தில் சிலர் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஏன் போனாய் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. தோட்டத்து ஆபீசுக்கு அவருடைய அழைப்பு வரும்போதெல்லாம், "எப்பப்பா வருவ?" என்பார்.

"லீவு கெடச்சதும் வர்றேம்மா."

இரண்டு வருடமாகக் கிடைக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம், பசறைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களத் தம்பதியர் வாழைக்குலையோடு எங்கள் லயத்தைத் தேடி வந்தார்கள். காயம்பட்ட அவர்களுடைய மகனின் காலை அண்ணன் காப்பாற்றியிருந்தார். மகனைப் பார்க்கப் போன அவர்களிடம், ஆஸ்பத்திரி வாட்டில் பேச்சோடு பேச்சாகத் தன் ஊரையும் சொல்லியிருந்தார்.

அம்மா அவர்களை உட்கார வைத்துக் கேட்டார்: "நான் அவனப் பாத்து ரெண்டு வருஷமாச்சுங்க. ஆளு எளச்சிட்டானா?"

நான் சிங்களத்தில் சொன்னேன். "இல்லை, நன்றாக இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார்" என்றார் அந்தத் தாய். அண்ணன் சாப்பிட்டதை அவர் பார்த்திருக்க வழியில்லை. ஆனாலும் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அம்மாவின் முகம் தெளிந்தது.

அடுத்த வருடம் அம்மா போய்விட்டார். அண்ணன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. "என்னயக் கேட்டாங்களா?" என்றார். "ஆமாண்ணே, கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க" என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

படைச் சேவை முடிந்து மருத்துவ பீடத்தில் விரிவுரையாளரானார், பின்னர் பீடாதிபதியுமானார். மாணவர்களை நமுனுகுலப் பக்கத் தோட்டங்களுக்கு அழைத்து வருவார். "நோயாளிகூட வந்தவங்களயும் உக்கார வச்சுப் பேசுங்க" என்பதை ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு வேனில் ஏறிவிடுவார். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

இறுதி மூன்று வாரங்களும் பதுளையில் அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், கண்விழித்துத் துணையிருந்த மாணவர்களுக்கும், கிரியைகளுக்குத் தோள்கொடுத்த லயத்து உறவுகளுக்கும் எங்கள் நன்றி.

எங்களைவிட நீங்கள்தான் அவரோடு அதிக நாட்கள் இருந்திருக்கிறீர்கள். இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அண்ணனைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போங்கள்.