எதிர்வீட்டு நட்சத்திரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், மாடிப்படியை வாரத்துக்கு ஒரு குடித்தனம் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஓர் அட்டை தொங்கும். கணவர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணை எதிர்வீட்டுக்காரி ஒருத்திதான். அந்தப் பக்கத்து முகாமில் வேலை பார்த்த கனடா ராணுவக்காரரின் மனைவி. அந்த நாட்டின் கிழக்குக் கரைப் பூர்வகுடியான மிக்மாக் இனத்தவள். தேநீர் கொடுத்து, என் அரைகுறை ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை என் வாசலில் அரிசிமாவால் எட்டு முனை நட்சத்திரக் கோலம் போட்டேன். கடைக்குப் புறப்பட்டவள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஓடி, மரப்பட்டையில் செய்த ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தாள். மூடியில், சாயமேற்றிய முள்ளம்பன்றி முட்களால் அதே நட்சத்திரம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது சூரியன். ஏழு முனைகள் எங்கள் மண்ணின் ஏழு பகுதிகள். எட்டாவது, பிரிட்டிஷ் அரசரோடு செய்த உடன்படிக்கைக்காகச் சேர்ந்தது என்று அம்மா சொல்வாள். உன்னுடையதுக்கு என்ன அர்த்தம்?"

புள்ளி வைத்தேன், சேர்த்தேன், நட்சத்திரம் வந்தது. அதற்குமேல் என்ன சொல்ல? "அழகாக இருக்கும்," என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அன்று முழுக்க அவள் கோலத்தை மிதிக்காமல், பையும் கையுமாகச் சுவரோடு ஒட்டியே போய்வந்தாள். மறுநாள் படி துடைப்பது என் முறை. ஈரத்துணியால் கோலத்தை அழித்துக்கொண்டிருந்தபோது அவள் கதவு திறந்தது.

"ஏன் அழிக்கிறாய்?"

"இது நேற்றையது."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு தேநீரும் போயிற்று, பேச்சும் போயிற்று.

நான் செய்தது தப்பா? கோலம் என்றால் நாலு பேர் மிதிப்பார்கள், மறுநாள் பெருக்கிவிட்டுப் புதிதாகப் போடுவோம். இதில் மரியாதைக் குறைவு எங்கே வந்தது? ஆனாலும் ராத்திரியெல்லாம் அவள் முகத்தையே சொல்லிப் புலம்பினேன். "ஒரு கோலத்துக்கா இவ்வளவு டென்ஷன்? லீவ் இட்," என்றார் கணவர். அவருக்கென்ன, பேச ஆய்வுக்கூடம் நிறைய ஆள்.

சில மாதங்களில் அவர்களுக்கு மாற்றல் வந்தது. அவள் கிளம்பும் காலையில் அதே நட்சத்திரத்தை அவள் கதவுக்கு முன்னால் போட்டேன். மன்னிப்புக் கேட்கிறேனா, சண்டைக்கு இழுக்கிறேனா, எனக்கே விளங்கவில்லை.

சூட்கேஸோடு வந்தாள். கோலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு நட்சத்திரத்தின் நடுவில் காலை வைத்து, நேராகப் படியிறங்கிப் போனாள்.

என் வழக்கம் புரிந்து மிதித்தாளா, என்னை வெறுத்து மிதித்தாளா? படி நெடுக மாவுத் தடம். அந்த வாரமும் அட்டை என் கதவில்தான் தொங்கியது. கட்டடத்தின் சொந்தக்காரி இரண்டு தடவை வந்து கத்திவிட்டுப் போனாள். நான் துடைக்கவில்லை.