இரண்டு முறை மங்கிய படம்

வசுந்தரா சின்ன வெங்காயம் உரிக்கிறாள். கண் மடிக்கணினியில். தோல் சட்டிக்குள் விழுகிறது, வெங்காயம் குப்பைக்குப் போகிறது.

“என்னம்மா, தோல்லயா குழம்பு வைக்கப் போறீக?” என்கிறாள், அவளுடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியம்மாள்.

அணுப்பிணைவு உலையில் பல கோடி டிகிரி சூட்டில் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயு கொந்தளிக்கும். கொந்தளிப்பு எவ்வளவு என்று கணினி ஒரு கணக்குச் சொல்லும். உலையில் பொருத்திய கருவி தான் அளந்ததைச் சொல்லும். இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது, கோரிப்பாளையத்து மாடிவீட்டில் இருந்தபடியே, இவள் வேலை. கருவிக்குச் சின்னச் சுழல்கள் தெரியாது. அதனால் கணினிப் படத்தையும் அதே அளவு மங்கலாக்கித்தான் பக்கத்தில் வைக்கவேண்டும்.

பொருந்தாவிட்டால் நன்றாகச் சாப்பிடுவாள். பொருந்திவிட்டால்தான் இருப்புக்கொள்ளாது. குளிர்பெட்டியைத் திறப்பாள், எதையும் எடுக்காமல் மூடுவாள்.

அன்று பொருந்திவிட்டது. அலங்காநல்லூரிலிருந்து நல்லகாமன் கூப்பிட்டான். அவளோடு கணக்குப் போடுகிறவன். இதை வைத்து இருவரும் எழுதும் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தால்தான் அவன் வேலையை நீட்டிப்பார்கள்.

“அக்கா, அச்சுல வாத்த மாதிரி ஒக்காந்திருச்சு! அனுப்பிருவமா?”

“பொறு தம்பி. இம்புட்டு அழகா இருந்தா எங்கயோ இடிக்குது.”

“நீங்க பொண்ணு பாக்கப் போனா ஒரு பொண்ணும் தேறாதுக்கா.”

வசுந்தரா தொலைபேசியை வைத்துவிட்டு உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தாள். “மொசைக்குத் தரை தேஞ்சிரும்மா” என்றாள் பாண்டியம்மாள். சாயங்காலம் நல்லகாமன் தந்த கோப்பை வரிவரியாகப் பிரித்தாள். உடம்புக்கு முடியாத அப்பாவோடு அலைகிறாளே, வேலை மிச்சமாகட்டும் என்று அவனே ஒருமுறை மங்கலாக்கித் தந்திருந்தான். எப்போதும் அது அவள் வேலை. அவனைக் கேட்காமல் அவளும் இன்னொருமுறை மங்கலாக்கியிருந்தாள். இரண்டு மங்கலில் ஒன்றை நீக்கியதும், கணினி சொன்ன கொந்தளிப்பு கருவி கண்டதைப்போல இருமடங்காக எழும்பி நின்றது.

தொலைபேசியில் சொன்னாள்.

“நாம ரெண்டு பேருந்தானக்கா பாத்தோம்?” என்றான் நல்லகாமன்.

வசுந்தரா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அப்பாவுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டினாள். பொருந்தாத படத்தையே ஆய்வுக் குழுவினர் எல்லாருக்கும் அனுப்பினாள். தவறு என்னுடையது என்று மேலே ஒரு வரி. பிறகு அலங்காநல்லூர் பேருந்தைப் பிடித்தாள்.

கதவைத் திறந்த நல்லகாமன் வாங்கக்கா என்றுகூடச் சொல்லவில்லை. அவள் உள்ளே போய், அவன் மேசையில் கிடந்த துணிகளை ஓரம் தள்ளி, தன் கணினியை வைத்து, அந்தக் கணக்குக் கோப்பை மறுபடி திறந்து, சார்ஜரைச் சுவரில் செருகினாள்.