பம்புசெட்டில் ஒரு முழுக்கு

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அப்பா என்னை உத்திரமேரூர் பக்கம் நான் அதுவரை பார்த்தே இராத தாத்தாவிடம் விட்டுவிட்டார். அம்மா காதல் கல்யாணம் செய்துகொண்ட அன்று, மகள் செத்துவிட்டாள் என்று ஊரறிய ஏரியில் தலைமுழுகியவர் அவர். என்னைச் செல்லமாகத்தான் வைத்துக்கொண்டார். தாத்தா என்று நான் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

அப்பா அழைத்துப்போக வந்த அன்று, உடுத்திய துணியோடு பம்புசெட்டுக்கடியில் போய் நின்றேன்.

“இன்னா பாப்பா, ஊருக்குக் கெளம்பற நேரத்துல இப்டி நனைஞ்சிக்கினு கீற?” என்றார் தாத்தா.

“எங்கம்மாவுக்கு நீங்க தல முழுகினீங்க இல்ல. உங்களுக்கு நான் முழுகிட்டேன்.”

தோளில் கிடந்த துண்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட அப்பாவின் பைக்கில் ஏறினேன்.

குணமாகி வந்த அம்மாவிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை. சொன்னால் தாத்தாவுக்காக அழுவாள். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.