அம்மா ரிப்ஸ் என்று இனிமேல் சொல்ல வேண்டாம்

நம் வீட்டு பிரிட்ஜின் மேலே, கரண்ட் அட்டைக்கும் மாதா படத்துக்கும் நடுவில், சாம்பல் நிறத்தில் ஒற்றைக் கையுறை ஒன்று இருக்கிறது. வலது கைக்கானது. அதில் கட்டை விரல் மட்டும் கத்தரியால் வெட்டப்பட்டிருக்கும். வெட்டிய இடத்தில் நூல் பிரியாமல் இருக்க உங்கள் அம்மா கறுப்பு நூலால் சுற்றித் தைத்திருப்பாள். தூசி தட்டும்போதெல்லாம் அதை எடுத்து உதறிவிட்டு அதே இடத்தில் வைத்துவிடுகிறேன். ஒருமுறை பெரியவள் அதைப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சி வெச்சிருக்குப்பா, தூக்கிப் போட்டுடட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம்தான்.

அம்மா ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெரிய கடையில் இறைச்சிப் பிரிவில் எட்டு வருஷம் வேலை செய்தாள். கம்பெனிகளில் வேலைக்கு வந்திருக்கும் கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் சாமான் வாங்குகிற கடை. மற்ற இடங்களில் வெண்பன்றி இறைச்சி என்று போர்டு மாட்டி வெட்டிக் கொடுப்பார்கள். இங்கே எல்லாம் பாக்கெட். காற்று உறிஞ்சி ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் ரிப்ஸ் என்கிற விலா எலும்பு வரிசை வரிசையாகக் குளிர்ப்பெட்டியில் கிடக்கும். நாள் முழுக்க அந்தக் குளிரில் கையை விட்டு எடுக்க வேண்டும் என்று கடையில் கம்பளிக் கையுறை கொடுத்தார்கள். அதன் கட்டை விரலைத்தான் அம்மா முதல் வாரமே வெட்டிவிட்டாள். கடை மேனேஜர் திட்டியிருக்கிறார். "விரல் வெளிய இருந்தாதான் சார் கறி நல்லதா கெட்டதான்னு தெரியும். கம்பளிக்கு இன்னா தெரியும்?" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அவள் ஒரு பாக்கெட்டை எடுக்கும் விதத்தை நான் தள்ளி நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதலில் சாய்த்துப் பார்ப்பாள். உள்ளே சிவப்புத் தண்ணீர் ஓடினால் அது ஒருமுறை உறைந்து இளகிய கறி, வைத்துவிடுவாள். அப்புறம் கொழுப்பின் நிறம். பால் மாதிரி இருக்க வேண்டும், மஞ்சள் தட்டியிருந்தால் பழசு. அப்புறம் மேல் பக்கம். எலும்பு வெள்ளையாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால், மெஷினில் கறியை ஒட்டச் சீவிவிட்டார்கள் என்று அர்த்தம். அது புகையில் காய்ந்து போகும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கனம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் கருகும். கடைசியாக இரண்டு எலும்புக்கு நடுவில் கட்டை விரலை வைத்து ஒரு அமுக்கு. அழுத்திய குழி உடனே எழும்பி வர வேண்டும். இவ்வளவும் அவளுக்கு அரை நிமிஷம். ஒரு கொரியாக்காரம்மா வாராவாரம் வருவார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அவர் இரண்டு விரலைக் காட்டுவார், இவள் இரண்டு பாக்கெட் எடுத்துக் கொடுப்பாள், அவர் பார்க்காமலேயே கூடையில் போட்டுக்கொண்டு போவார். அம்மாவுக்கு விடுமுறை என்றால் வெறுங்கையோடு திரும்பிவிடுவார் என்று பில்லிங்கில் இருக்கும் அந்த அக்கா சொல்லியிருக்கிறாள்.

புகை போடும் பைத்தியம் எனக்கு வந்தது கம்பெனியில். எங்கள் வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும் முன்பு, பாதியாக வெட்டிய டிரம்முக்குக் காலும் கீலும் வைத்துக் கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். வைத்துக் கொடுத்ததற்கு ஒரு தட்டில் விலாக்கறி தந்தார். ஐந்து மணி நேரம் புகையில் கிடந்த கறி. எலும்பைப் பிடித்து இழுத்தால் வலிக்காமல் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேனாம். அடுத்த மாதமே காயலான் கடையில் சமையல் எண்ணெய் டிரம் ஒன்று வாங்கி, மூன்று முறை நெருப்புப் போட்டு எரித்துச் சுத்தம் செய்து, படப்பை வீட்டுப் பின்பக்கம் நிறுத்தினேன். அடியில் வேலிகாத்தான் மரக் கரி, அதற்கு மேல் காய்ந்த கொய்யாக் கட்டை. உப்பு, மிளகு, வெல்லம், பூண்டு, மிளகாய்த்தூள். பண்டிகை நாளில் நம் வீட்டுப் புகை வாசனைக்கே தெருக்காரர்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். எல்லோரும் என் கையைப் பிடித்துப் பாராட்டுவார்கள். நானும் வாங்கிக்கொள்வேன். நெருப்பைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான் என் வேலை. கறி நன்றாக இருந்ததற்குக் காரணம் கடையிலேயே நடந்து முடிந்திருக்கும். இதை நான் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஈஸ்டர் உங்களுக்கு நினைவிருக்கும். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜைக் குடும்பத்தோடு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். புது லைனுக்கு லீடர் போடப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அதில் என் பேர் வர வேண்டும் என்று ஆசை. முந்தின நாள் சனிக்கிழமை, கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். இன்சார்ஜும் கூட இறங்கி, "வாய்யா, உன் சாமர்த்தியத்தப் பாப்போம்" என்று கூடவே வந்துவிட்டார். அம்மா உள்ளே குடோனில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் காத்திருக்கலாம். ஆனால் அவர் எதிரில், என் பெண்டாட்டி வந்துதான் எடுத்துத் தர வேண்டும் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நானே கையை விட்டுத் துழாவி, இருப்பதிலேயே கனமான நாலு பாக்கெட்டை எடுத்தேன். எலும்பு நன்றாகத் தெரிந்தது. பெரிய எலும்பு, நல்ல கறி என்று அவரிடம் விளக்கம் வேறு சொன்னேன்.

பில்லிங்குக்கு வரும்போது அம்மா வந்துவிட்டாள். இன்சார்ஜுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ஒரு பாக்கெட்டைச் சாய்த்தாள். கட்டை விரலை வைத்து அமுக்கினாள். அந்தக் குழி அப்படியே நின்றது. நானும் பார்த்தேன். "இது வேணாங்க. தண்ணி ஏத்தின கறி, அதான் கனமா கீது. ரெண்டு நிமிஷம், மாத்திக் குடுக்கறேன்" என்று மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னாள். "எனக்குத் தெரியும், பில்லு போடச் சொல்லு" என்றேன் சத்தமாக. அவள் கையை எடுத்துக்கொண்டாள். பில்லிங் அக்கா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு பில் போட்டாள்.

மறுநாள் பூசை முடிந்து வந்து, வழக்கம் போலத்தான் எல்லாம் செய்தேன். நெருப்பில் குறை இல்லை. ஆனால் மூன்றாவது மணி நேரத்திலேயே கறி சுருங்கித் தண்ணீர் விட்டு, எலும்புகள் பல் மாதிரி வெளியே வந்துவிட்டன. மேஜையில் வைத்தபோது எலும்பைப் பிடித்து இழுத்தாலும் கறி விடவில்லை; ரப்பராக நின்றது. உப்பு வேறு கரித்தது. இன்சார்ஜ் ஒரு துண்டைக் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, சேஃப்டி ஷூவ அவிச்ச மாதிரி கீது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கடைக்கு என்னோடு வந்தவர்தான். ஆனால் பில் போடும் முன்பே டீ குடிக்க வெளியே போய்விட்டவர்; எந்தப் பாக்கெட்டை யார் மாற்றினார்கள் என்று அவருக்கு என்ன தெரியும்? என் வாய் தானாகச் சொன்னது: "நான் எடுத்தத கடைசியில இவதான் மாத்திட்டா சார். கறிக் கடையிலயே வேல செய்றவங்க லட்சணம் இது."

அம்மா அப்போது கையில் ரசக் குண்டானோடு கதவுப் பக்கம் நின்றிருந்தாள். குண்டானின் சூடு துணியைத் தாண்டிக் கையில் பட்டிருக்கும், ஆனாலும் அப்படியே நின்றாள். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும், என் மானம் அந்த மேஜையிலேயே போயிருக்கும். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "ஆமாங்க சார், குடோன் இருட்டுலேர்ந்து வந்தனா, கண்ணு தெரியல. ரசம் ஊத்திக்கங்க, எறங்கிடும்" என்றாள். மத்தியானம் எல்லோரும் போன பிறகு டிரம்மின் கம்பி வலையைத் தேய்த்துக்கொண்டே, "அவரு முன்னால சொல்ல வேணாம். அப்புறமா புள்ளைங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். "ஒரு கறிப் பாக்கெட்டுக்கா இவ்ளோ?" என்று எழுந்து போய்விட்டேன். லீடர் வேலை எனக்கு வரவில்லை. அது வேறு கதை.

அந்த மத்தியானம் சின்னவன்தான் அந்தப் பேரை வைத்தான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எது கடிக்க முடியாமல் இருந்தாலும் அது "அம்மா ரிப்ஸ்" ஆனது. சப்பாத்தி விறைத்தால் அம்மா ரிப்ஸ். மழையில் நனைந்து காய்ந்த உங்கள் ஸ்கூல் ஷூ அம்மா ரிப்ஸ். நீங்கள் சொல்லும்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரிப்பாள். "ஆமாண்டா, உங்க அம்மா கை அப்படி" என்பாள். நானும் சிரித்தேன். உங்கள் மேல் தப்பு இல்லை. உங்களுக்கு அப்பா சொன்னது அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் நான் நிறுத்தியிருக்கலாம். நாலு வருஷம் நிறுத்தவில்லை.

அப்புறம் அம்மாவுக்கு உடம்புக்கு வந்தது. அடுத்து வந்த ஈஸ்டருக்கு அவள் சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளால் கஞ்சி கூட விழுங்க முடியவில்லை. ஆனாலும் பெரிய வெள்ளிக்கு மறுநாள் போன் செய்து, "புள்ளைங்க நாப்பது நாள் கறி தொடாம இருந்துதுங்க. போய் ரிப்ஸ் வாங்குங்க. வீடியோல வாங்க, நான் பாக்கறேன்" என்றாள். குளிர்ப்பெட்டி முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் அவள் தலைக்குத் துண்டு கட்டியிருந்தாள்.

"உங்க மூஞ்சிய இல்லங்க, கறியக் காட்டுங்க" என்றாள். பக்கத்தில் நின்ற பில்லிங் அக்கா வாயைப் பொத்திச் சிரித்தாள். "சாய்ங்க. வேணாம், வெச்சிடுங்க. அடுத்தது. கொழுப்பு மஞ்சளா, இல்ல கடை லைட்டு மஞ்சளா? வெளிச்சத்துக்குக் கொண்டாங்க. எலும்பு எட்டிப் பாக்குது, வேணாம். அடுத்தது." ஏழாவது பாக்கெட்டில், "அமுக்குங்க. எழும்பி வருதா?" என்றாள். "வருது" என்றேன். "டக்குனு வருதா, உங்கள மாதிரி சோம்பலா வருதா?" டக்கென்றுதான் வந்தது. "ம், அத்த எடுத்துக்கங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அரை மணி நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

அப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "இந்தா, அன்னிக்கு இன்சார்ஜ் வந்தப்ப..." என்று ஆரம்பித்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். காத்திருந்தாள். அவள் காத்திருந்தாள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பில்லிங் அக்கா பக்கத்தில் நிற்கிறாளே என்று பேச்சை மாற்றினேன். "அன்னிக்கு போட்ட அதே மசாலாவே போடட்டுமா?" என்று முடித்தேன். தலைத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "போடுங்க. அடியில ஜவ்வு கீதே, அத்த உரிக்க மறந்துடாதீங்க" என்றாள்.

மறுநாள் கறி எப்படி வந்தது என்று நீங்களே சொல்வீர்கள். சின்னவன் வாயெல்லாம் கறுப்பாக, போனைப் பிடுங்கிக்கொண்டு, "ம்மா, செம்மையா கீதும்மா! இது அப்பா ரிப்ஸ்மா, அம்மா ரிப்ஸ் இல்ல!" என்று கத்தினான். அந்தப் பக்கம் அவள் சிரித்தாள், இருமினாள். "உங்க அப்பா நல்லா செய்வாருடா" என்றாள். நான் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அவள் உடம்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கடையிலிருந்து வந்தவர்கள் அவளுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். டிபன் பாக்ஸ், ஒரு ஜெபமாலை, இந்தக் கையுறை.

இரண்டு வருஷம் ஆகிறது. போன சனிக்கிழமை நாம் மூவரும் அந்தக் கடைக்குப் போனோமே, சின்னவன் ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இங்க பாரு அம்மா ரிப்ஸ்!" என்றான். எலும்பு துருத்திய பாக்கெட். பில்லிங் அக்கா, "யாரு ரிப்ஸ்?" என்று கேட்டாள். சின்னவன் கதையைச் சொன்னான். அவள் முகம் மாறிவிட்டது. "உங்க அம்மா எடுத்துக் குடுத்த ஒரு பாக்கெட்டு கூட இந்தக் கடைக்குத் திரும்பி வந்ததில்லடா கண்ணு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள். நான் நேரமாகிவிட்டது என்று உங்களை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று கறி வாங்காமல் ஏன் வந்தோம் என்று பெரியவள் பஸ்ஸில் இரண்டு முறை கேட்டாள். இதுதான் அதற்குப் பதில்.

நான் பத்தாவது வரை படித்து ஐ.டி.ஐ. முடித்தவன்; நேரில் பேச வராததை எழுதியாவது சொல்ல வேண்டும் என்று நாலு நாளாக எழுதுகிறேன். இதை அந்தக் கையுறைக்கு அடியில் வைத்துவிட்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறேன். படித்துவிட்டு என் மேல் கோபப்படுங்கள், அது நியாயம். கையுறையை நான் போட்டுப் பார்த்தேன், என் கை அதற்குள் போகவில்லை. பெரியவளுக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த பண்டிகைக்கு நான் டிரம் பக்கத்தில் மட்டும் நிற்கிறேன், பாக்கெட்டை நீங்கள் எடுங்கள். எலும்பு தெரிகிற, தண்ணீர் ஏற்றிய, அமுக்கினால் எழும்பாத ஒரு பாக்கெட் கையில் வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அதை அதன் சரியான பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அது அப்பா ரிப்ஸ்.