டோக்கன் அக்கா பிடுங்கிய கேபிள்

அந்தக் கண் மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்காதான். பதினான்கு வருடமாக வாசல் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள். யாருக்கு எந்தக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது, யார் சொட்டு மருந்தைப் போடாமலே போட்டதாகப் பொய் சொல்வார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கம்ப்யூட்டர்தான் கொஞ்சம் ஆகாது. பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தாள். வரிசையில் நிற்பவர்கள்கூட அதைப் படித்திருக்கலாம்; வந்தவர்கள் எல்லோரும் கண் தெரியவில்லை என்று வந்தவர்கள், அதனால் பிழைத்தாள்.

ஒருநாள் டாக்டரம்மா கூப்பிட்டார். "தகவல் பாதுகாப்பு வகுப்புக்கு நம்மகிட்டேர்ந்து ஒருத்தர் போகணும். நீங்க போயிட்டு வாங்க."

"நானா? என் போனையே என் பொண்ணுதான் சரிபண்ணித் தருவா."

"அதனாலதான் சொல்றேன்."

ஆறு சனிக்கிழமை வகுப்பு. முதல் நாள் கடைசி வரிசையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள். பாடம் எடுத்த பெண் சொன்னாள்: "உங்க நோயாளியோட ரிப்போர்ட்ட நெனச்சுக்குங்க. பாக்கக் கூடாதவங்க பாத்துடலாம். யாராவது மாத்திடலாம். இல்ல, வேணுங்கிற நேரத்துல கெடைக்காமப் போகலாம். இந்த மூணும் நடக்காமப் பாத்துக்கறதுதான் பாதுகாப்பு."

இடது கண்ணின் அளவு வலது கண்ணுக்கு மாறிவிட்டால்? அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்றுதான் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் பாஸ்வேர்டு எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டாள். மூன்றாவது வாரம் வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம்: ரிப்போர்ட்டுகளையெல்லாம் காப்பி எடுத்து வைத்திருக்கும் டிஸ்க்கைத் திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும். திறந்தாள். கடைசியாகக் காப்பி ஆனது எட்டு மாதத்துக்கு முன்னால். டிஸ்க் நிரம்பியதும் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது.

"தானாவே எடுத்துக்கும்னு சொன்னாங்களே!" டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு இரண்டு டிஸ்க். ஒன்று எப்போதும் கழற்றப்பட்டு அலமாரியில் இருக்கும். ஒவ்வொரு புதன்கிழமையும் காப்பி எடுத்து, ஏதாவது ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து சரிபார்ப்பாள். மருந்துக் கவுண்டர்காரர் சிரிப்பார். "என்னக்கா, டிஸ்க்குக்கும் கண் பிரஷர் பாக்கறீங்களா?"

நான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. காலை பதினோரு மணி, நாற்பது பேர் காத்திருந்தார்கள். அறுவை சிகிச்சைக்கான லென்ஸ் பார்சல் இன்னும் வந்து சேரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மெயில்: 'உங்கள் பார்சல் திருப்பி அனுப்பப்படுகிறது, விவரம் இணைப்பில்.' அவசரத்தில் இணைப்பை அழுத்தினாள். எதுவும் திறக்கவில்லை. ஆனால் திரையில் இருந்த ஃபைல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கிறுக்கல் எழுத்தாக மாறத் தொடங்கின.

பேசாமல் எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நான்கு கம்ப்யூட்டர் இருக்கிறது, யார் செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? 'தப்பு யாருக்கும் நடக்கும். ஒளிச்சாதான் பெருசாகும்' என்று வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. குனிந்து நெட் கேபிளைப் பிடுங்கினாள். நாற்பது பேருக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"எல்லாரும் நெட் கேபிளப் பிடுங்குங்க! நான் தப்பான மெயிலத் தெறந்துட்டேன்!"

வரவழைக்கப்பட்ட கம்ப்யூட்டர்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவளுடையதும் பரிசோதனை அறையில் இருந்ததும் மட்டும்தான் கெட்டிருந்தன. "இந்த வைரஸ் கேபிள் வழியாத்தான் பரவும். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நாலும் போயிருக்கும்" என்றார்.

அக்கா டாக்டரம்மாவின் எதிரில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு படிச்சும் நானே தெறந்துட்டேனே, டாக்டர்."

"அந்த மெயில் எனக்கும் வந்துச்சு. உள்ள நோயாளி இருந்தாங்க, அதான் தெறக்கல. இல்லேன்னா நான்தான் கத்தியிருப்பேன். உட்காருங்க முதல்ல."

இரண்டு கம்ப்யூட்டரையும் சுத்தமாக அழித்து, எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, புதன்கிழமைக் காப்பியை ஏற்றி முடிக்க மறுநாள் காலை ஆகிவிட்டது. அக்கா ஒரு பெரியவரின் ரிப்போர்ட்டைத் திறந்தாள். பதினோரு வருடக் கண் அழுத்த அளவுகள், தேதி வாரியாக, ஒன்றுகூட விடுபடாமல் இருந்தன. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்தது போல மூச்சு வந்தது.

அந்தப் பெரியவரே எதிரில் நின்றார். "நேத்து கண்ணைப் பாக்காமலே திருப்பி அனுப்பிட்டீங்க. இன்னிக்காவது கூப்பிடுவீங்களாம்மா?"

"மொத டோக்கனே உங்களுக்குத்தான் ஐயா" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார்.