வேர்களைப் பாடியவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்த கவிஞரின் நினைவு நாளில் என்னைப் பேசச் சொன்னார் பாடசாலை அதிபர். தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பிப்பவள் நான், மறுக்கத் தெரியவில்லை.

பிரஜாவுரிமை இல்லையென்று நம்மவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், போகாதீர்கள் என்று பாடியவர் அவர். செத்தவர்கள் படுத்திருக்கும் மண் நம்முடையது, தேயிலை வேர்கள் அவர்களுடைய விரல்கள், கொழுந்து கிள்ளும்போது அவர்கள் நம் கையைப் பிடிக்கிறார்கள் என்பது பாட்டின் பொருள். பிரஜாவுரிமை கிடைக்காமலே இளவயதில் இறந்து இதே மலையில் புதைக்கப்பட்டார்.

சமைத்துக்கொண்டே அந்தப் பாட்டைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். நாலு வயது மகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் கேட்பாள் என்று எனக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டேனா, தெரியவில்லை.

ஒரு காலை, முன்பள்ளிக்குப் போகும் வழியில், தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப்பாதையில் நின்றுவிட்டாள்.

"அம்மா, தம்பியும் வேராயிட்டானா?"

போன மழைக்காலத்தில் உயிரில்லாமல் பிறந்தவன். சிசுக்களை மயானத்துக்குக் கொண்டுபோகாமல் தேயிலை ஓரத்தில் புதைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பாதைத் திருப்பத்தில்தான் இருக்கிறான். அப்பாவோடு பூ வைக்கப் போனதால் இடம் அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு அவள் அந்தப் பாதையில் கால் வைக்கவில்லை. தினமும் ரோட்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். கொழுந்தெடுக்கும் என் நாத்தனார் சிரித்தாள்: "அண்ணி, ஒங்க கவிஞரால இவ என் கையக்கூட தொட மாட்டேங்குறா. பேய் புடிச்ச கையாம்." நானும் சிரித்தேன். இவளை இந்த மண்ணுக்குப் பயப்பட வைத்துவிட்டேனே என்றுதான் நினைத்தேன்.

விழாவில் விரல்கள் வரும் வரியில் நிறுத்திவிட்டேன். பாட்டு மனப்பாடமாயிருந்த பிள்ளைகள் ஒன்றாகக் கத்தி முடித்தார்கள். அந்தச் சத்தத்தில் பயம் மறந்து, நாத்தனார் மடியிலிருந்து என் மகளும் கத்தினாள்.

திரும்பும்போது என் கையை உதறிவிட்டுக் குறுக்குப்பாதையில் இறங்கினாள். திருப்பத்தில் குந்தி, ஒரு செடியைத் தட்டிக் கொடுத்தாள்.

"தம்பி, அம்மாவப் புடிச்சி வச்சிக்காத. சோறாக்கணும்."

எழுந்து முன்னால் நடந்தாள். பின்னால் போன என் சேலை அந்தச் செடியின் கிளையில் மாட்டியது. இழுக்க மனம் வராமல் அப்படியே நின்றேன்.