உச்சி வெயிலில் ஏறும் கோடு

இத்தனை வருடம் ஆகியும் நார்வேயில் நான் காரின் தப்பான கதவைத்தான் திறக்கிறேன். இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். நானோ ஊர் ஞாபகத்தில் வலப்பக்கம் ஏறி, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு, எதிரே ஒன்றுமில்லாததைக் கண்டு அசடு வழிவேன். பக்கத்து வீட்டு சிக்ரித் வாசல் பனியை வாரிக்கொண்டே, "யாருக்காவது காத்திருக்கிறாயா?" என்று கேட்பார். கேலி என்று நினைத்துச் சிரித்து வைப்பேன். எனக்கு ஓட்டுநர் வருவார் என்று அவர் நிஜமாகவே நம்பியிருக்கிறார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான் இருக்கும் வடகோடியில் குளிர்காலத்தில் சூரியன் எழுவதே இல்லை. காலைக் காபியை இருட்டில்தான் குடிக்கிறேன். அந்த நேரம் எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் உச்சி வெயில். கும்மிடிப்பூண்டி இரும்பாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நைனா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மொட்டைமாடி முழுக்க சோலார் தகடு போட்டு, சின்னதாக ஒரு எலெக்ட்ரிக் காரும் வாங்கினார். ஆலைத் தூசி படிகிறது என்று காலையில் தகடுகளைக் கழுவுவார். வெயில் ஏறி, வீட்டுத் தேவை போக மின்சாரம் மிஞ்சும்போது, காருக்கு வயரை மாட்டிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். "மிச்சத்த லைன்ல உடுறதுக்கு நம்ம வண்டியே துன்னட்டும்" என்பார். அதையெல்லாம் இங்கிருந்தே செல்போன் செயலியில் பார்ப்பேன். மஞ்சள் கோடு கூரையில் விளைவது, பச்சைக் கோடு கார் எடுத்துக்கொள்வது. பச்சை ஏறினால் நைனா சாப்பிடுகிறார் என்று அர்த்தம். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அந்தக் கோடு போதுமாக இருந்தது.

ஐப்பசியில் பொன்னேரி மார்க்கெட்டுக்குள் காய் வாங்கப் போனவர் கடை வாசலிலேயே விழுந்து இறந்துவிட்டார். அம்மா வெளியே காரில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போய், காரியம் முடிந்து நான் நார்வேக்குக் கிளம்பும்போது காரை விற்க ஏற்பாடு செய்தேன். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது, சும்மா நின்றே பாழாகிவிடும். பொன்னேரிக்காரர் ஒருவர் அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மா, "உன் இஷ்டம்" என்றாள்.

இங்கு வந்த மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் செயலியைத் திறந்தேன். பச்சைக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. அதே உச்சிவேளை. உண்மையைச் சொன்னால், ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுநாளும் ஏறியது. அம்மாவிடம் கேட்டால், "வண்டிய யாரு எடுக்கப் போறா, நிறுத்துன எடத்துலயே கீது" என்றாள். ஓடாத கார் எதற்காகத் தின்கிறது? பேய் பிசாசெல்லாம் நம்பாதவன் என்று சொல்லிக்கொள்பவன்தான் நான். ஆனாலும் அந்த வாரம் முழுக்க, அந்த நேரம் வந்தால் வீட்டு விளக்கு அத்தனையும் போட்டு வைத்தேன்.

சனிக்கிழமை, கோடு ஏறிய உடனே வீடியோவில் கூப்பிட்டேன். அம்மாவின் தலைக்குப் பின்னால் கார் சீட் தெரிந்தது.

"இன்னாம்மா, கார்லயா கீற?"

"ஆமாடா. வயர மாட்டிட்டு, ஏசியப் போட்டுக்கினு குந்திக்கினு கீறேன். உங்க நைனா காட்டிக் குடுத்த பட்டன்தான்."

"எதுக்கும்மா?"

அவள் போனைப் பக்கத்து இருக்கைக்குத் திருப்பினாள். நைனாவின் நீளக் காலுக்காகப் பின்னால் தள்ளிவைத்த ஓட்டுநர் சீட். அன்று மார்க்கெட்டிலிருந்து காரை வீட்டில் கொண்டுவந்து விட்டவரைக்கூட அதை நகர்த்த விடவில்லையாம்.

"ஏசியப் போட்டுட்டுப் போறேன், குந்தினு இரு, தோ வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு" என்றாள். "நாளைக்கு வண்டிய எடுத்துக்கினு போகட்டும்டா. அவரு வந்தா எங்க வந்து ஏறுவாருன்னுதான் பேஜாரா கீது."

கார் விற்பதற்கில்லை என்று பொன்னேரிக்காரரிடம் சொன்னேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இன்று காலையும் வலப்பக்கக் கதவைத்தான் திறந்தேன், ஆனால் தெரிந்தே. இங்கே அது பயணியின் இடம், அங்கே நைனாவின் இடம். சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். இடப்பக்கம், அங்கே அம்மா உட்காரும் பக்கம், காலியாக இருந்தது. போனில் பச்சைக் கோடு ஏற ஆரம்பித்தது. சிக்ரித் வந்து கண்ணாடியைத் தட்டி, யாருக்காவது காத்திருக்கிறாயா என்று கேட்டார்.

"இல்லை. எனக்காக ஊரில் ஒருவர் காத்திருக்கிறார்" என்றேன்.

"அப்படியானால் கிளம்ப வேண்டியதுதானே" என்றார்.

என் எதிரே ஸ்டியரிங் இல்லை.